ஆறே காலுக்குள்

நாடகம் ஆறே முக்காலுக்கு.
ரோஸ்லின் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாள்
பையில் கிழிசல் சேலையும்
முகத்தில் பூசச் சாம்பலுமாக.
"பிள்ளைங்களுக்கு முன்னாடியே சாப்பாடு வாங்கிக் குடுத்துடு.
போன தடவ மாதிரி
நான் சாகும்போது ஏபெல் பசிக்குதுன்னு
அழக் கூடாது."

என் பொறுப்பில் மூன்று பேர்.
ஜெமீமா, ஏபெல், எதிர்வீட்டு தர்ஷில்.
தர்ஷிலின் அம்மா தெருவைக் கடந்து வந்து
தயங்கித் தயங்கிச் சொன்னார்.
வெங்காயம், பூண்டு கூடாது.
மண்ணுக்குக் கீழே விளைந்தது எதுவும் கூடாது.
பொழுது இறங்கிவிட்டால் ஒன்றுமே கூடாது.
இன்றைக்கு இறங்குவது ஆறே காலுக்காம்.
காலண்டர் தாளையே கிழித்துக் கையில் கொடுத்தார்.

"இன்னா சார், ஃபேமிலியா?
பிரியாணிக்குப் போய்க்கினே இருங்க,
வேலை முடிஞ்சிது" என்றார் ஆட்டோக்காரர்.
ஏபெல் அப்போதே பிடித்துக்கொண்டான் அந்தச் சொல்லை.

முதல் கடையில் குடும்ப அறை மாடியில்.
ஏணி மாதிரிப் படி, பினாயில் வாடை,
உள்ளே யாருமில்லாத ஒரு திரை.
அண்ணா சாலையில் அடுத்தது
முன்பக்கம் ஃபேமிலி, பின்பக்கம் பார்,
நடுவில் மீன்தொட்டி.
ஏபெலை மீன்களிடமிருந்து பிய்த்தெடுக்க
ஏழு நிமிடம் போனது.
மூன்றாவதில் டோக்கன் நாற்பத்தொன்று.
கூப்பிட்டுக்கொண்டிருந்தது பதினேழு.
கோட்டை மதிலுக்கு மேலே
வெயில் பழுக்க ஆரம்பித்திருந்தது.
தர்ஷில் ஒன்றும் கேட்கவில்லை.
நிமிர்ந்து அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

பாபு ராவ் தெருவுக்குள் திரும்பியது
யோசித்து அல்ல.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கான தெரு அது.
பலகையெல்லாம் வங்காள எழுத்து,
லாட்ஜ், மருந்துக்கடை, மறுபடி லாட்ஜ்.
இடையில் எட்டு மேசை போட்ட ஓர் ஓட்டல்.
மேசை துடைத்துக்கொண்டிருந்தவர்
மெனு நீட்டவில்லை,
எத்தனை பேர் என்றும் கேட்கவில்லை.
"புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆகாதா?"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்,
காலண்டர் தாள் உட்பட.
அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, சலிப்பும் இல்லை.
"இங்க வர்ற எல்லாருக்கும்
ஏதோ ஒண்ணு ஆகாது சார்.
அதோ அவருக்கு உப்பு.
அந்தம்மாவுக்குத் தண்ணியே அளவுதான்."
உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்:
"கல்லைக் கழுவி ஒரு சாதா! சட்னி வெறும் தேங்கா!"

உப்பு ஆகாதவரோடு மேசையைப் பகிர்ந்தோம்.
ஏபெல் தம்ளரைக் கவிழ்த்தான்,
நேராக அவருடைய ஆஸ்பத்திரி ஃபைல் மேல்.
அவர் எக்ஸ்ரே உறையைத் தூக்கி உதறி
வங்காளத்தில் என்னவோ சொன்னார்.
ஜெமீமா அதற்குத் தமிழில் மன்னிப்புக் கேட்டாள்.
இருவருக்கும் புரிந்தது போலிருந்தது.
தர்ஷில் ஆறு பன்னிரண்டுக்குக் கைகழுவினான்.
பிரியாணி கிடைக்காத ஏபெல்
மூன்று இட்லிக்குப் பின் அதை மறந்துபோனான்.

மேடையில் பஞ்சம்.
ரோஸ்லின் வெறும் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு
இருட்டைப் பார்த்துக் கேட்கிறாள்:
"இன்னும் யார் சாப்பிடல?"
"நாங்க சாப்ட்டோம்மா!"
அரங்கம் முழுக்கச் சிரித்தது.
அவள் கை ஒரு தட்டின் மேல்
அரை நொடி கூடுதலாக நின்றது.
பிறகு எந்தக் குறையுமில்லாமல் செத்துப்போனாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "நீ?"
சட்டைப்பையிலிருந்து பில்லை எடுத்துப் பார்த்தேன்.
தோசை இரண்டு, இட்லி மூன்று, பால் ஒன்று.
அதில் நான் இல்லை.

தர்ஷிலை வீட்டில் விட்டுத் திரும்பி வரும்போது
பத்தாகிவிட்டது, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து நுழைந்தோம்,
தூங்கும் ஏபெல் என் தோளில்.
கலைக்காத சாம்பல் முகத்தை,
கிழிந்த சேலையை,
அவர் ஒருமுறை பார்த்தார்.
வேறெதுவும் விசாரிக்கவில்லை.

"அம்மாவுக்கு என்ன ஆகாது?"

"எல்லாமே ஆகும்ண்ணே" என்றபடி
ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.